பூஸ்ட் ஏறும்போது ஒரு வாசனை

ராத்திரி பதினொன்றரை. முசரவாக்கம் தாண்டி, வயல்களுக்கு நடுவே புதிதாகப் போட்ட சாலை. இன்னும் திறக்கவில்லை. விளக்குக் கம்பம் நட்டிருந்தார்கள், விளக்கு இல்லை. நாய்கூட இல்லை. அந்த இருட்டில் ஒரு பழைய கார் நின்றுகொண்டிருந்தது... எஞ்சின் ஓடியபடி. உள்ளே இரண்டு பேர்.

இது நம் ஜோசுவாவின் தாய்மாமனுக்கு நடந்தது. ஜோசுவாவைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டான். மாமன் பெயர் கிறிஸ்டோபர். காஞ்சிபுரத்தில் வாலாஜாபாத் போகிற ரோட்டில் கார் ஷெட் வைத்திருந்தார். அன்றைக்கு அவர் பக்கத்து சீட்டில். ஓட்டியவன் ஆதீஷ். வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருக்கும் ஜைனக் குடும்பத்துப் பையன். கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான். பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடுகிற வீடு. அதனால் அவனுக்கு ராத்திரி நீளம். அந்த நீளத்தை இந்தக் காரோடு கழித்தான்.

பழைய ஆக்டேவியா ஆர்.எஸ். ஒரு காலத்தில் ரோட்டில் அதை முந்த ஆள் கிடையாது. இப்போது நேற்று ஷோரூமை விட்டு வந்த குட்டிக் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போயின. ஆதீஷுக்குப் பொறுக்கவில்லை. கம்பெனி வைத்த சின்ன டர்போவைக் கழற்றிவிட்டுப் பெரியது போட வேண்டும் என்று வந்து நின்றான்.

டர்போ என்றால் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. எஞ்சின் விடுகிற புகையிலேயே சுழலும் ஒரு விசிறி. இரண்டு கைக்குள் அடங்கிவிடும். ஒரு பக்கம் புகை அதைச் சுழற்றும், மறுபக்கம் அது வெளிக்காற்றை உறிஞ்சி எஞ்சினுக்குள் திணிக்கும். எவ்வளவு திணிக்கிறது என்று காட்ட ஒரு மீட்டர். முள் ஏறினால் பூஸ்ட் ஏறுகிறது என்பார்கள். அவ்வளவுதான்.

பெரிய டர்போவை ஆதீஷே எங்கோ பழைய சாமான் கடையில் பிடித்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். கிறிஸ்டோபருக்கு ஒரு வழக்கம் உண்டு. பழைய சாமானை எடுத்து வந்தால் ஒரே கேள்விதான் கேட்பார்.

"ஆள் செத்துப் போன வண்டியாபா?"

"வெள்ளத்துல மூழ்கின வண்டி அண்ணா."

சரி என்று மாட்டினார். துருப்பிடித்த போல்ட்டுகளைச் சூடு காட்டிக் கழற்றி, புது இன்ஜெக்டர் வைத்து, டர்போவின் வாயில் கையாலேயே ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் ஆகாமல் எஞ்சினைச் சும்மா சுழலவிட்டு, ஆயில் எல்லா இடமும் போய்ச் சேர்ந்த பிறகு, ஸ்தோத்திரம் என்று சொல்லிச் சாவியைத் திருப்பினார். சுத்தமான வேலை.

அதன் முதல் ஓட்டம் இது.

ஆதீஷ் மிதித்தான். முதலில் ஒன்றும் இல்லை. பெரிய டர்போ அப்படித்தான், கொஞ்சம் யோசிக்கும். பிறகு ஒரு சீட்டி... மெல்லியது. யாரோ உதட்டைக் குவித்து ஊதுவதுபோல. முள் எழுந்தது. கிறிஸ்டோபரின் பிடரி சீட்டில் போய் மோதியது. கம்பங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பின்னால் ஓடின. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் அந்த வாசனை.

முடி கருகுகிற வாசனை. ஏ.சி. ஓட்டை வழியாக, நேராக மூக்கில்.

வேறு ஊராக இருந்தால் பதறியிருப்பார்கள். காஞ்சிபுரத்துக்காரனுக்கு அந்த வாசனை பழக்கம். கடையில் புடவை எடுக்க வருகிறவருக்குச் சந்தேகம் வந்தால், ஒரு இழையை உருவித் தீக்குச்சி வைத்துக் காட்டுவார்கள். முடி கருகுகிற வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடியானால் அசல் பட்டு. பிளாஸ்டிக் வாசனை வந்தால் கலப்படம்.

"பட்டு நூலு சிக்கிக்கினு இருக்குதுபா" என்றார் கிறிஸ்டோபர். "நிறுத்து."

அவர் ஷெட்டுக்கு ஒட்டினாற்போல நூல் முறுக்குகிற பட்டறை. வெட்டு நூல் காற்றில் பறந்து வரும். டீ கிளாஸில் கிடக்கும், ஃபேனில் சுற்றும், ஒரு தடவை பேட்டரிக்குள்ளேயே இருந்தது. பானெட்டைத் தூக்கி, காற்றுக் குழாயைக் கழற்றி, டார்ச் அடித்தார். விசிறியின் நடுத் தண்டில் கருப்பாக இழைகள். இறுக்கமாக, வரிசையாக, ராட்டையில் சுற்றியதுபோல. மூக்குக் குறடால் பிடித்து இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. ஒன்றை லைட்டரில் காட்டினார். சுருண்டு கருகியது. சாம்பலை விரலில் தேய்த்தார். பொடி.

"அசல்" என்றார். "கலப்படமே இல்ல. உன் காரு பட்டுதான் கட்டுது தம்பி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். குழாயின் முனையில் காற்று வடிகட்டி இருந்தது. எங்கேயும் கிழியவில்லை. கிறிஸ்டோபர் அதைப் பார்த்தார். நூல் அதைத் தாண்டி எப்படி உள்ளே போகும் என்று யோசிக்கவில்லை.

அடுத்த ஓட்டத்திலும் அதே. அதற்கடுத்த ஓட்டத்திலும். இழுத்துப் போட்டுவிட்டு ஓட்டினார்கள். கார் அப்படி ஓடியது. அதற்காக மூக்கைப் பொத்திக்கொள்ளலாம் என்பதுபோல ஓடியது.

ஒரு மத்தியானம் ஆதீஷின் மனைவி தர்ஷினி ஷெட்டுக்கு வந்தாள், அவன் வீட்டில் விட்டுப் போன போனைக் கொடுக்க. அவர்கள் கல்யாணத்துக்குக் கிறிஸ்டோபர் போயிருக்கிறார். மணமேடையில் அவள் ஜடையைப் பார்த்து, பின்வரிசையில் இருந்த பெண்கள் அது ஒட்டு முடியா சொந்த முடியா என்று பந்தயம் கட்டியது அவருக்கு ஞாபகம் இருந்தது. சொந்த முடிதான். இப்போது அந்த வெயிலில் துப்பட்டாவால் தலையை இறுக மூடியிருந்தாள்.

"அண்ணா, இவருக்கு ரெண்டு பொண்டாட்டி" என்றாள், காரை ஒரு தட்டுத் தட்டி. "ஒருத்திக்கு மட்டும்தான் ஆயில் மாத்துறாரு."

"உனக்கும் நல்ல எண்ணெயா வாங்கியாரச் சொல்றேன்மா."

"எண்ணெய் தேய்க்க முடி வேணுமே." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "கொத்துக் கொத்தாப் போவுது அண்ணா. சீவும்போதுகூட இல்ல. ராத்திரியில, சும்மா படுத்துக்கினு இருக்கும்போது. யாரோ சுத்திப் புடிச்சு இழுக்குற மாதிரி இருக்குது. அத்தை போர் தண்ணியாலன்றாங்க. டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரு."

ஆதீஷ் பானெட்டுக்குள்ளிருந்து தலையைத் தூக்கவில்லை. "அண்ணா, இந்த கிளாம்ப் லூசா இருக்கு" என்றான்.

அவள் போன பிறகும் கிறிஸ்டோபர் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அப்புறம் குழாயைக் கழற்றினார். முந்தின ராத்திரி சுற்றிய இழைகள் இருந்தன. ஒன்றை எடுத்து வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு நுனி கருகியிருந்தது. இன்னொரு நுனியில் வெள்ளையாக, சின்னதாக ஒரு முண்டு. விரலில் ஒட்டியது. ஈரம்.

நூலுக்கு வேர் இருக்காது.

"தம்பி, இது எந்த வண்டிலேந்து எடுத்தது?"

"சொன்னேனே. வெள்ளத்துல மூழ்கினது."

"வண்டி மட்டும்தான் மூழ்கிச்சா?"

ஆதீஷ் துணியில் கையைத் துடைத்தான். விரல் விரலாக. "பின்சீட்டுல ஒரு பொண்ணு. கதவு திறக்கலையாம். நான் பொய் சொல்லலியே அண்ணா. வெள்ளம்தானே."

ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஆதீஷ் வாசலில் எறும்பு வரிசை போனால் காரை வெளியிலேயே நிறுத்தி, அவை போய் முடியும்வரை நிற்கிறவன். கண்ணாடியில் அடிபட்ட பூச்சியைப் பார்த்தால் அன்றைக்கு முகம் வாடிவிடும். ஊரில் யாரைக் கேட்டாலும் நல்ல பையன் என்றுதான் சொல்வார்கள்.

"உன் வீட்டுக்காரம்மா முடிபா இது" என்றார் கிறிஸ்டோபர்.

அவன் சிரிக்கவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "பாத்துடலாம்" என்றான்.

அன்று ராத்திரி அதே சாலை. ஆதீஷ் தர்ஷினிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான். சும்மா பேசிக்கொண்டிரு என்றான். அவளுக்கு ஒரே சந்தோஷம். கல்யாணமான புதிதில்கூட அவன் அப்படிக் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுப் பூனை அடுக்களைக்குள் வந்ததைப் பற்றி ஆரம்பித்தாள். அவன் மிதித்தான். சீட்டி. முள் ஏறியது.

"...அது நேரா அடுப்பு மேல... ஸ்ஸ். ஆ."

காலை எடுத்தான். முள் விழுந்தது.

"என்ன ஆச்சு" என்றான்.

"ஒண்ணுமில்ல. தலையில சுருக்குனு. போயிடுச்சு. பூனை இருக்குல்ல..."

மறுபடி மிதித்தான். பேச்சு நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுகிற சத்தம். காலை எடுத்தான். அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள், குரல் கொஞ்சம் நடுங்கி. மூன்றாவது தடவை மிதித்து, அப்படியே பிடித்துக்கொண்டான். கண் ரோட்டில் இல்லை, முள்ளின் மேல். போனில் அவள் அழ ஆரம்பித்த பிறகும் பிடித்திருந்தான்... நிச்சயம் செய்துகொள்வதற்கு. காருக்குள் அந்த வாசனை நிரம்பியது.

"தூங்கு" என்று சொல்லிப் போனை வைத்தான்.

கிறிஸ்டோபர் கதவுக் கண்ணாடியை இறக்கினார். "இப்பவே ஷெட்டுக்கு வுடு. கழட்டிப் போட்டுடறேன். பழசு அப்படியேதான் இருக்குது."

"ஞாயித்துக்கிழம வரைக்கும் அண்ணா."

ஞாயிற்றுக்கிழமை ஒரு ஓட்டம் இருந்தது. இரண்டு இரண்டு காராக, நேர்கோட்டில். அதற்குத்தான் இத்தனை வேலையும். காரின் கதவில் கிறிஸ்டோபரின் ஷெட் பெயர் ஒட்டியிருந்தது, சிவப்பு எழுத்தில். அதுவும் அவர் ஞாபகத்துக்கு வந்தது. ஞாயிறு அவ்வளவு தூரம் ஒன்றும் இல்லை. முடிதானே, முளைத்துக்கொள்ளும்.

"சரி" என்றார். அந்த ஒரு வார்த்தையை இன்றைக்கும் ராத்திரியில் படுக்கையில் சொல்கிறார் என்று அவர் மனைவி சொல்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆதீஷ் எல்லாரையும் தோற்கடித்தான். புத்தம்புது ஜெர்மன் கார்கள் பின்னால் புள்ளியாக நின்றன. முடிகிற கோட்டருகே கிறிஸ்டோபர் நின்றிருந்தார். பக்கத்தில் இருந்தவர் மூக்கைச் சுளித்து, எவனோ புடவை எரிக்கிறான் சார் என்றார்.

தர்ஷினி அதற்கு முன்பே தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். புதுச் சாலை முடிகிற இடத்தில் ஒரு கிராமம். அம்மா காந்தா மட்டும் கூட. தலையில் இப்போது ஒன்றும் இல்லை. புருவமும் இல்லை. இமையும் உதிர்ந்துவிட்டது. தலைத்தோலில் புள்ளி புள்ளியாக ரத்தம் கட்டியிருந்தது. முடிதான் தீர்ந்துவிட்டதே, இனி எதைச் சுற்றும் என்று கிறிஸ்டோபர் நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

திங்கட்கிழமை இரவு ஆதீஷ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். கழற்றிவிடலாம் அண்ணா என்றான். கிறிஸ்டோபர் அவன் வீட்டுக்கே போய் ஏறிக்கொண்டார், மனசு மாறிவிடக் கூடாதே என்று. ஷெட்டை நெருங்கும்போது காந்தாவின் போன்.

"மாப்ள, இவளுக்கு மூச்சு வாங்குது. நெஞ்ச யாரோ உள்ளேந்து உறிஞ்சறாப்ல இருக்குதுன்றா. சாயங்காலத்துலேந்து வுட்டு வுட்டு வருது. ஆம்புலன்ஸுக்கு சொல்லிட்டேன், இன்னும் காணோம். சீக்கிரம் வாங்க."

கிறிஸ்டோபர் ஆதீஷைப் பார்த்தார். சாயங்காலத்திலிருந்து. மில்லிலிருந்து வீடு, வீட்டிலிருந்து டவுன், இந்தக் காரில்தான் அலைந்திருக்கிறான்.

"ஷெட்டுல ஓடற வண்டி வேற இல்ல. அமுக்காத" என்றார். "முள்ளு எழும்பவே கூடாது. உருட்டிக்கினே போ. நடந்து போற மாதிரி போ."

ஆதீஷ் தலையாட்டினான். ஷெட்டைத் தாண்டி, ஊரைத் தாண்டி, உருட்டினான். சைக்கிள்காரன் ஒருவன் முந்திப் போனான். மீட்டரில் முள் செத்துக் கிடந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். காந்தா விசிறுகிற சத்தம். பிறகு, தண்ணி குடிச்சா என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, எழுந்து உக்காந்துட்டா என்றாள். கிறிஸ்டோபர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு தர்ஷினியே பேசினாள். குரல் கிழிந்திருந்தது. ஆனால் அவள்தான்.

"இன்னா, வண்டிச் சத்தமே காணோம்?"

"மெதுவா வரேன்."

"உங்களுக்கு மெதுவாக்கூட ஓட்டத் தெரியுமா?" சிரிப்பு இருமலாகி அடங்கியது. "அண்ணா கூட இருக்காரா? விடிஞ்சதும் அவருக்கும் சேத்து கஞ்சி வெக்கச் சொல்றேன். பசிக்குது எனக்கு."

வைத்துவிட்டாள்.

முசரவாக்கம் போனது. புதுச் சாலை வந்தது. ஆதீஷ் காரை நிறுத்தினான். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். முன்னால் ரோடு நேராக, காலியாக.

"நாளைக்கு இது இருக்காது அண்ணா" என்றான்.

"வேணாம்பா."

"நல்லாத்தானே இருக்கா. நீங்களும்தானே கேட்டீங்க."

"தம்பி, உன் கால்ல வுழறேன்."

மிதித்தான்.

இந்தத் தடவை டர்போ யோசிக்கவில்லை. முள் ஒரே எகிறாக எகிறி, சிவப்பைத் தாண்டி, மீட்டர் முடிகிற இடத்தில் போய் நின்றது. சீட்டி இல்லை... நீளமாக உள்ளிழுக்கிற ஒரு மூச்சு. முடிவே இல்லாத மூச்சு. கிறிஸ்டோபர் எத்தனையோ வண்டி பார்த்தவர். அப்படி ஒரு இழுப்பை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. அவர் மூக்கு அந்த வாசனைக்காகக் காத்திருந்தது.

வாசனை வரவில்லை.

டேஷ்போர்டில் போன் வெளிச்சம் போட்டது. காந்தா. கிறிஸ்டோபர் கை நீட்டினார். ஆதீஷின் இடது கை வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது. இறுக்கமாகக்கூட இல்லை. கியர் மாற்ற வேண்டிய இடத்தில் விட்டான், மாற்றினான், மறுபடி பிடித்துக்கொண்டான். போன் அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தது. அவன் சாலை முடிகிற இடம்வரை ஓட்டி, காலை எடுத்து, முள் கீழே இறங்குவதைப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் எடுத்தான்.

"சொல்லுங்க அத்தை."

அடுத்த நாளே அவளை எடுத்துவிட்டார்கள். நுரையீரல் இரண்டும் ஒட்டிப் போயிருந்தது, காரணம் தெரியவில்லை என்றார்களாம் ஆஸ்பத்திரியில்.

கிறிஸ்டோபர் துக்கம் கேட்கப் போன இடத்திலேயே, டர்போவைக் கழற்றிக் குளத்தில் போட்டுவிடுகிறேன் என்றார். இருக்கட்டும் அண்ணா என்றான் ஆதீஷ். ஆனால் அதற்குப் பிறகு கார் ஓடவில்லை. ஓடியது, இழுக்கவில்லை. எவ்வளவு மிதித்தாலும் முள் அசையவில்லை. அவனே ஷெட்டுக்குக் கொண்டுவந்தான். குழாய் கசிவு பார்த்தார், வால்வு பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. தண்டு கண்ணாடிபோலச் சுத்தம். முடிந்தது என்று கிறிஸ்டோபர் மனசுக்குள் ஜெபம் சொன்னார். ஆதீஷ் மட்டும் ராத்திரிகளில் போர்ட்டிகோவில் அந்தக் காருக்குள், ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பானாம். பாவம், பொண்டாட்டி நினைப்பு என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

வருஷம் திரும்பவில்லை. அவன் அம்மா குணமாலா ஷெட்டுக்கு வந்தார். முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு தெளிவு. பையன் ஒருவழியாக ரெண்டாம் கல்யாணத்துக்குச் சம்மதித்துவிட்டானாம். நல்ல குடும்பம், உறவிலேயே பெண். கல்யாணத்துக்குள்ள வண்டியை ஒரு தடவை பாத்து வெக்கணுமாம், உன்கிட்ட சொல்லச் சொன்னான் என்றார்.

கிறிஸ்டோபர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"எதுவுமே கேக்கலபா அவன்" என்றார் குணமாலா. "நகை வேணாம், ஜாதகம் வேணாம், பொண்ணு என்ன படிச்சிருக்குன்னுகூடக் கேக்கல. ஒரே ஒரு போட்டோதான் கேட்டான். இந்தக் காலத்துப் பசங்க ஆசையே தனிதான், பாரு."

போனைத் திருப்பிக் காட்டினார். படத்தில் ஒரு பெண் சுவரைப் பார்த்து நிற்கிறாள். பின்னலை அவிழ்த்து, முதுகு முழுக்க விரித்துவிட்டிருக்கிறார்கள். அது புடவையின் கொசுவத்தையும் மறைத்துக்கொண்டு, கணுக்கால் அருகே எங்கேயோ போய் முடிகிறது.

"மொகம் தெரியறது ஒண்ணு இருக்குதுபா" என்றார் குணமாலா. "அதை அவன் இன்னும் பாக்கவே இல்ல."